கடைசிக் காணிக்கும் பங்கு குடுக்கிறது நீதி எண்டதை எப்பிடி நிறுவுறது?

கேள்வி: வாய்க்கால்கரை, தம்பலகாமம்

வணக்கம். பாடசாலையில உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பிக்கிறன். எங்கட கமக்காரர் அமைப்புக்குச் செயலாளரும் நான்தான். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையா வாசியுங்கோ.

எங்கடது கந்தளாய் மாதிரிப் பெரிய நீர்ப்பாசனம் இல்லை. 80 ஹெக்டேயருக்குக் குறைஞ்ச வயலுக்குப் பாயிற, கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழ வாற சின்னக் குளம். இந்தமுறை மாரி ஏமாத்திப் போட்டுது. குளம் நிரம்பி வான் பாயவேயில்லை. சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தில உத்தியோகத்தர் நீர்மட்டத்தைப் பாத்துக் கணக்குச் சொன்னார்: 140 ஏக்கரில 60 ஏக்கருக்குத்தான் தண்ணி காணும்.

அதில ரெண்டு யோசனை வந்தது. ஒண்டு, குளக்கட்டுக்குக் கிட்ட இருக்கிற தலைமாட்டுக் காணிக்காரர் மட்டும் விதைக்கிறது, கீழ்க் காணியளைச் சும்மா விடுறது. மற்றது பெத்ம. தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன்: தண்ணி குறைஞ்ச போகத்தில குளத்துக்குக் கிட்ட உள்ள துண்டை மட்டும் விதைச்சாலும், அந்தத் துண்டை அந்தக் குளத்துக்குக் கீழ காணி உள்ள எல்லாருக்கும் அவரவர் காணி அளவுக்கு ஏற்ற மாதிரி அந்த ஒரு போகத்துக்குப் பிரிச்சுக் குடுப்பினம். எங்கட கணக்கில 7 ஏக்கர் உள்ளவருக்கு 3 ஏக்கர் வரும், 1 ஏக்கர் உள்ளவருக்கு அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைய. காணி உறுதி மாறாது. அறுவடை முடிய காணி சொந்தக்காரரிட்டத் திரும்பிப் போயிடும்.

நான் பெத்மவுக்காகக் கதைச்சன். குளக்கட்டில பத்தை வெட்டவும் வாய்க்கால் துப்புரவாக்கவும் 140 ஏக்கர்க்காரரும்தான் வாறம், அப்ப தண்ணியும் 140 ஏக்கர்க்காரருக்கும் சேரவேணும் எண்டு சொன்னன். தலைமாட்டுக் காணிக்காரர் ஒருத்தர் எழும்பினார். கோவப்படேல்லை, ஆறுதலாத்தான் கேட்டார். "பிள்ளை, உங்கட அப்பாவின்ட காணி கடைசி வாய்க்காலில. அது என்ட காணி இருக்கிற இடத்தில இருந்திருந்தா நீங்கள் இதைச் சொல்லுவீங்களோ? உங்களுக்குத் தேவையானதை நீதி எண்டு சொல்லுறீங்கள். அது நீதிதான் எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

கூட்டம் முடிவில்லாமல் ஒத்திப்போச்சு. எனக்கு அந்தக் கேள்வி விட்டுப்போகேல்லை.

வகுப்பில பிள்ளையளுக்குச் சொல்லுறனான், வாதம் வாய்ப்பானதோ, அதாவது எடுகூற்றுகளில இருந்து முடிவு கட்டாயம் வருதோ எண்டு பாக்கிறது வேற, வாதம் தொடங்கிற அந்த எடுகூற்று உண்மையோ எண்டு பாக்கிறது வேற. என்ட வாதத்தை அந்த மாதிரி எழுதிப் பாத்தன். பலபேர் சேந்து பராமரிக்கிற ஒண்டின்ட பயன் பராமரிக்கிற எல்லாருக்கும் சேரவேணும். குளத்தை எல்லாரும் சேந்து பராமரிக்கிறம். ஆகவே பயன் எல்லாருக்கும் சேரவேணும். வாய்ப்பான வாதம்தான். ரெண்டாவது எடுகூற்றுக்கு ஆதாரம் எங்கட சிரமதான வரவுக் கொப்பியில இருக்கு. முதலாவதுக்கு? அதுக்குக் கீழ இன்னொரு கொள்கையை வைச்சா அதுக்கும் ஆதாரம் கேப்பினம். முடிவையே ஆதாரமாக் காட்டினா சுத்திச் சுத்தி அதே இடம். "இது தெரிஞ்ச விசயம்தானே" எண்டு நான் ஓரிடத்தில நிண்டா, அவரும் "உறுதியில உள்ள காணி, அந்தக் காணிக்குப் பாயிற தண்ணி" எண்டு தன்ட இடத்தில நிக்கலாம். 'இருக்கு' எண்டதில இருந்து 'இருக்கவேணும்' எண்டதை எடுக்கேலாது எண்டு மெய்யியலாளர் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலயே சொல்லிப்போட்டார். வரவுக் கொப்பியில எத்தினை கையெழுத்து இருந்தாலும் அதில இருந்து 'வேணும்' எண்டது தானா வராது.

வாக்கெடுத்தா நாங்கள் வெல்லுவம். கீழ்க் காணிக்காரர் தொகை கூட. வெண்டாக் காணும், ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறாய் எண்டு கேக்கினம். எனக்குக் காணாது. எண்ணிக்கை கூடினதாலயே ஒண்டு நீதியாகாது எண்டதை இந்த மாவட்டத்தில பிறந்து வளந்த எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அவரின்ட முகத்தைப் பாத்துச் சொல்லக்கூடிய பதில் வேணும்.

நீதி பற்றின ஒரு நம்பிக்கையை நிறுவ ஏலுமோ? ஏலுமெண்டா எதை வைச்சு?


பதில்: தலைமாட்டுக்காரன், கிண்ணியா

தங்கச்சி, நான் உங்கட குளத்து ஆள் இல்ல. வேற குளத்துல, கட்டுக்குக் கீழ, நம்மளுக்கு 5 ஏக்கர் இரிக்கி. கூட்டத்துல எழும்பின மனிசன்ட பக்கத்தையும் ஒரு ஆள் சொல்லணும், அதான் எழுதுறன்.

2003ல, சமாதான காலத்துல வாங்கின காணி. மனைவிட நகையையும் வாப்பா தந்த கடைத் துண்டையும் வித்துத்தான் வாங்கின. கீழ்க் காணி மலிவாக் கிடைச்சது. மேல இரிக்கிறது கூட விலை. ஏன் கூட விலை? மழை பொய்ச்சாலும் தண்ணி வரும் எண்டுதான். அப்ப தண்ணி வராத வருசத்துக்குத்தான் நான் அந்தக் காசைக் குடுத்திரிக்கன். அந்த வருசம் வந்த உடன எல்லாரும் பங்குக்கு வந்தா, நான் குடுத்த காசுக்கு என்ன கணக்கு?

அடுத்தது, மாரியில கட்டு கசிஞ்சாலும் வான் நிறைஞ்சாலும் முதல்ல மூழ்குறது நம்மட வயல். கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல்ல உடைஞ்ச நேரத்துக் கதையெல்லாம் நம்மட ஆக்களுக்குத் தெரியும். கட்டுக்குக் கிட்ட இரிக்கிறவனுக்கு அந்தப் பயம் எப்பவும் இரிக்கி. போன மாரியில ரெண்டு ஏக்கர் அழுகிப் போச்சு. அந்த நட்டத்தைப் பங்கு போடக் கீழ்க் காணிக்காரர் ஒருத்தரும் வரல்ல. தண்ணி குறைஞ்சா பொது, கூடினா என்ட தலைவிதி எண்டா அது நீதியா?

இன்னொண்டு, ஒரு போகத்துக்கு மட்டும் வாறவன் வரம்பைப் பேண மாட்டான். மட்டம் குழம்பும், புல்லு மண்டும். துண்டு துண்டாப் பிரிச்சா வெட்டுற மெசினும் இறங்கக் கஷ்டம். அடுத்த பெரும்போகத்துல அதையெல்லாம் திருத்துற செலவு என்ட தலையில விழும்.

பெத்ம கூடாது எண்டு நான் சொல்லல்ல. எழும்பினவர் சுயநலக்காரர் எண்டு மட்டும் நினைச்சிராதீங்க.


பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி

பிள்ளை, மெய்யியலும் அளவையியலும் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். கிண்ணியாத் தம்பியின் பதிலை இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதிலுள்ள மறுப்புகளுக்கு மறுமொழி இல்லாத எந்த வாதமும் உங்களுக்கு உதவாது.

"உங்கள் காணி கடைசியில் இருப்பதால் சொல்கிறீர்கள்" என்பதை முதலில் எடுப்போம். உங்கள் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. அது சரியா பிழையா என்று சொல்லவில்லை. ஆளைக் காட்டி வாதத்தைத் தள்ளும் போலி அது, நீங்களே வகுப்பில் படிப்பிப்பீர்கள். ஆனாலும் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தனக்கு இலாபம் வரும் இடத்தில் மனித மனம் நியாயங்களை மிக வேகமாகக் கண்டுபிடிக்கும். அந்த மனிதர் உங்களிடம் இன்னொரு சோதனை கேட்கிறார். கேட்க அவருக்கு உரிமை உண்டு.

எடுகூற்றுக்குக் கீழே எடுகூற்று என்று தோண்டிக்கொண்டு போனால் பாறை கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீதி பற்றிய நம்பிக்கைகளை நாம் கீழிருந்து மேலாக மட்டும் கட்டுவதில்லை. மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ் 1971இல் முன்வைத்த வழி வேறு. பயமோ கோபமோ சொந்த இலாபமோ குறுக்கே நிற்காத நேரத்தில் நாம் உறுதியாகச் சொல்லும் தீர்ப்புகளை முதலில் எடுக்க வேண்டும். அடிமை முறை பிழை, விசாரிக்காமல் தண்டிப்பது பிழை என்பவை அப்படிப்பட்டவை. பிறகு அவற்றை விளக்கக்கூடிய பொதுக் கொள்கையைத் தேட வேண்டும். கொள்கையும் தீர்ப்பும் மோதினால் சில இடத்தில் கொள்கையைத் திருத்துவோம், சில இடத்தில் தீர்ப்பைக் கைவிடுவோம். இரண்டும் பொருந்தும் வரை மாறி மாறி இந்த வேலை நடக்கும். தனியாக எந்தக் கூற்றுக்கும் அத்திவாரம் இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று தாங்கும் முழுத் தொகுதிக்கு ஒரு பலம் உண்டு.

இதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. இன்னொரு மெய்யியலாளர் ஆர். எம். ஹெயர் 1973இலேயே அதைச் சுட்டினார்: தொடக்கத் தீர்ப்புகளே தப்பெண்ணமாக இருந்தால் அவற்றைப் பொருத்திப் பொருத்தி அழகான தப்பெண்ணத் தொகுதி ஒன்றைத்தான் கட்டுவோம். நம் சமூகத்திலேயே சாட்சி உண்டு. இன்னார் கோயிலுக்குள் வரக்கூடாது, இன்னார் கிணற்றில் அள்ளக்கூடாது என்று நம்பிய பெரியவர்கள் அமைதியாகத்தான் நம்பினார்கள். அவர்கள் தீர்ப்பும் அவர்கள் கொள்கையும் நன்றாகவே பொருந்தின. சாதியின் பேரில் ஆளைத் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. அதற்கு 11 வருடத்துக்குப் பிறகும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது.

அவர்களுடைய பொருத்தத்தில் எது குறைந்தது? கிணற்றுக்கு வெளியே நின்றவரை யாரும் கேட்கவில்லை. என் வாழ்நாள் முழுவதும் இந்தக் கேள்வியோடு இருந்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: நீதி பற்றிய நம்பிக்கையை நிறுவுவது என்றால், அதனால் இழக்கப் போகிறவரிடம் காரணத்தைச் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லும் மறுப்பைத் தாங்க அதனால் முடிகிறதா என்று பார்ப்பது. மெய்யியலாளர் ஸ்கன்லன் 1998இல் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னார். யாரும் நியாயமாக நிராகரிக்க முடியாத கொள்கையே நம்மைக் கட்டுப்படுத்தும் என்றார். 'நியாயமாக' என்ற நிபந்தனை முக்கியம். வெறும் விருப்பமின்மை போதாது. அந்தப் பெரியவர்களுக்கும் விருப்பமில்லைதான், ஆனால் வெளியே நின்றவர் ஏற்கக்கூடிய ஒரு காரணத்தை அவர்களால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. ஆகவே தத்துவத்தை வீட்டில் முடித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். நிறுவும் வேலையில் ஒரு பாதி கூட்டத்திலேதான் நடக்கும்.

இனி உங்கள் 60 ஏக்கர். எவருக்கு எந்தக் காணி என்று தெரியாதபடி ஒரு திரைக்குப் பின்னால் நின்று விதியைத் தெரிவு செய்யுங்கள் என்பார் றோல்ஸ். மோசமான இடம் எனக்குக் கிடைத்தாலும் சமாளிக்கும்படி தெரிவு செய்வேன் என்பது அவர் முடிவு. பொருளியலாளர் ஹார்சானி அதே திரைக்குப் பின்னால் நின்று, எல்லாருக்குமான சராசரி நன்மை எதில் கூடுமோ அதைத் தெரிவு செய்வேன் என்பார். அநேகமான இடங்களில் இவர்கள் இருவரும் பிரிவார்கள். உங்கள் குளத்தில் பிரிய மாட்டார்கள். தலைமாட்டுக்காரர் மட்டும் விதைத்தாலும் பெத்ம செய்தாலும் விதைபடுவது அதே 60 ஏக்கர்தான், மொத்த நெல்லில் பெரிய வித்தியாசம் வரக் காரணமில்லை. அதே நெல் சிலருக்கு விற்பனைக்கு மேலதிகமாகப் போவதைவிட எல்லா வீட்டுக்கும் சோற்றுக்குப் போவது கூடிய நன்மை. வேறு வேறு வழியில் வருகிறவர்கள் ஒரே இடத்தில் சந்தித்தால் அந்த முடிவில் எனக்கு நம்பிக்கை கூடும்.

எதிரே நிற்பது மெய்யியலாளர் நோசிக் 1974இல் சொன்ன வகை வாதம். நேர்மையாகப் பெற்றது எனக்குரியது, பிறர் தேவையைக் காட்டி அதில் கைவைக்க முடியாது. கிண்ணியாத் தம்பியின் விலைக் கணக்கும் அதுதான். அதற்கு உணர்ச்சியால் பதில் சொல்லக்கூடாது, ஒரு விசாரணை தேவை. காணி கைமாறிய காலத்தில் பெத்ம அந்தக் குளத்தின் வழக்கமாக இருந்ததா? இருந்திருந்தால் வாங்கிய விலைக்குள்ளே அந்தக் கடமையும் அடங்கும். இல்லாவிட்டால் அவர் எதிர்பார்ப்புக்கு மதிப்பு உண்டு. அனுராதபுரப் பக்கத்துப் பழைய குளக் கிராமங்களில் ஒவ்வொரு குடும்பத்தின் பங்கும் வயலின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் கலந்து கிடக்கும்படி வெட்டியிருந்தார்கள். அங்கே தண்ணீர் குறைந்தால் ஒருவனே தலைமாட்டுக்காரன், அவனே கடைசிக் காணிக்காரன். திரை போட வேண்டிய தேவையே இல்லை.

பேச்சுக்கு நல்லது, செயலுக்கு வராது என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் கிழக்கிலுள்ள கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையைச் சொல்லுங்கள். 1981இல் அங்கே விவசாயிகளை வாய்க்கால் வாய்க்காலாகக் குழுக்களாக்கும் வேலை தொடங்கியது. தலைமாட்டில் இருந்த சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே அனுப்பினார்கள். கடைசி வாய்க்கால்களில் இருந்தவர்களில் தமிழ்பேசுவோர் பலர். அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.


வாய்க்கால்கரை:

சேர், நானா, ரெண்டு பேருக்கும் நன்றி. சேர் கேக்கச் சொன்னதைக் கேட்டன். முந்தி குளத்துத் தண்ணியைப் பாத்துக்கொண்ட வட்டவிதானை ஐயா உயிரோட இருக்கிறார், கண்தான் தெரியாது. குளத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா தண்ணி திறக்கிற ஒவ்வொரு துருசும் எப்ப கட்டினது எண்டு சொல்லுவார். பெத்ம எங்கட குளத்தில நடந்திருக்கு. 1990க்கு முதல் தண்ணி குறைஞ்ச சிறுபோகத்தில எல்லாம் அதுதானாம் வழக்கம். காணியைக் கயிறு பிடிச்சு அளந்து, சீட்டுக் குலுக்கிப் பிரிச்சவையாம்.

ஏன் நிண்டது? 1990ல கீழ்க் காணிக்காரர் முழுக்க இடம்பெயர்ந்து போனம். சில பேர் முல்லைத்தீவு, சில பேர் படகேறி இந்தியா. பங்கு கேக்க ஆளில்லாத காலத்தில தலைமாட்டில மட்டும் விதைக்கிறது வழக்கமாச்சு. நாங்கள் திரும்பி வரேக்க அதுதான் "எப்பவும் உள்ள முறை" எண்டு சொல்லிச்சினம். அதை ஆரும் வஞ்சகமாச் செய்யேல்லை. இருந்தவை இருந்த தண்ணியை வைச்சு விதைச்சினம்.

இன்னொண்டு யோசிச்சன். நான் சொன்ன கொள்கை பராமரிக்கிற உழைப்பைப் பற்றினது. அதை உண்மையா எடுத்தா நான் கேட்டதை விடத் தூரம் போகுது. எங்கட வாய்க்காலில கணவனை இழந்த ஒரு அக்கா குத்தகைக்குச் செய்யிறா. எந்தச் சிரமதானத்துக்கும் மண்வெட்டியோட முதல் ஆளா நிப்பா. அவவுக்கு உறுதி இல்லை, அப்ப பெத்மவில பேர் இல்லை. கொழும்பில இருக்கிற காணிக்காரர் ரெண்டு பேர் குளக்கட்டில கால் வைச்சதே இல்லை. அவைக்குப் பங்கு உண்டு. என்ட கொள்கைப்படி இது தலைகீழா இருக்கவேணும். கொள்கையை விடுறதோ, குத்தகைக்காரருக்கும் பங்கு கேக்கிறதோ எண்டு பாத்தா, நான் ரெண்டாவதைத்தான் எடுப்பன். இதில எனக்கு ஒரு லாபமும் இல்லை, எங்கட வீட்டுப் பங்கும் குறையும். அதாலயே இந்த முடிவை நான் கொஞ்சம் கூட நம்புறன்.

நானா சொன்ன வெள்ளக் கதைக்கும் என்னட்ட மறுப்பு இல்லை. தண்ணி குறைஞ்சாப் பொது எண்டா கூடினாலும் பொதுதான்.


பதில்: சட்டத்தரணி, உவர்மலை

தங்கச்சி, உங்கட வட்டவிதானை ஐயா சொன்னதில் ஒரு சட்டக் கதை இருக்கிறது. தண்ணீர்ப் பங்கை இது தீர்க்காது, ஆனால் சிந்திக்க உதவும்.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் ஒரு தனியார் காணியை 10 வருடம் இடையூறின்றி, சொந்தக்காரருக்கு எதிராக, தனதென்றே ஆண்டு அனுபவித்தால் உரித்துக் கோரலாம். காரணம் நல்ல காரணம்தான். தூங்கிக் கிடந்த உரிமையை வைத்து, உழைத்துக்கொண்டிருப்பவரைக் காலம் முழுக்கப் பயமுறுத்தக் கூடாது. யுத்தம் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் சொந்தக்காரர் தூங்கவில்லை, ஓடினார்கள். எழுத்தை மட்டும் பார்த்தால் சட்டம் அவர்களுக்கும் அப்படியே பொருந்தியது. கேட்டவர் எவருக்கும் அது நீதியாகப் படவில்லை. கடைசியில் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தன் உரிமையைப் பேண முடியாமல் போனவருக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது.

பத்து வருடக் கொள்கையை யாரும் தூக்கி எறியவில்லை. அதன் காரணம் எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை என்று பார்த்து அந்த இடத்தில் மட்டும் திருத்தினார்கள். ஆசிரியர் சொன்ன மாறி மாறித் திருத்தும் வேலை ஒரு பாராளுமன்றத்துக்குள்ளும் நடந்திருக்கிறது. தாமதமாகத்தான், அதுவும் போதாமல்தான். இந்த அலுவலக வாசலில் இன்னும் ஆட்கள் உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள்.

உங்கள் குளத்தில் பெத்ம நின்றதும் அதே காலத்தில், அதே காரணத்தால். மறுப்புச் சொல்ல ஆளில்லாத நேரத்தில் உருவான வழக்கத்துக்கு, எல்லாரும் இருந்து ஏற்ற வழக்கத்தின் பலம் கிடையாது. ஆனால் அந்த இடைவெளியில் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியவரும் ஒரு மனிதர். அவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். திரும்பி வந்தவரின் உரிமையைச் சொல்லி இடையில் வாங்கியவரை வெறுங்கையோடு அனுப்பினால் ஓர் அநீதியை இன்னொரு ஆளின் வீட்டுக்கு மாற்றியதாகத்தான் முடியும்.


பதில்: கரைவலை, திருக்கடலூர்

எனக்கு தத்துவம் தெரியாது பிள்ளை. கரைவலை இழுக்கிற ஆள். எங்களுக்கும் இதே பிரச்சினை இருக்கு, அதால சொல்லுறன்.

ஒரு பாட்டில, அதாவது வலை வளைக்கிற ஒரு கடல் துண்டில, ஒரு நேரத்தில ஒரு வலைதான் வளைக்கலாம். விடியக்காலம் வளைக்கிற வலைக்குத்தான் மீன் கூடப் படும். அதால முறை வைச்சிருக்கிறம். இண்டைக்கு முதல் வளைச்சவன் நாளைக்குக் கடைசி. இதை ஆர் எப்ப தொடங்கினது எண்டு எனக்குத் தெரியாது, ஆனா முறை தப்பினா கரையே கொதிக்கும்.

சிக்கல் எங்க வரும் தெரியுமோ? தன்ட முறை வாற அண்டைக்குக் காத்து மாறி வளைக்கேலாமப் போனவன், நாளைக்கு எனக்கு விடுங்கோ எண்டு கேப்பான். அவன்ட பிழை இல்லைத்தானே. விட்டா நாளைக்கு உரியவன் பிந்துவான், அவன்டயும் பிழை இல்லை. ஒரு இரவு முழுக்க வாடியில இருந்து கதைச்சம். காத்து எல்லாருக்கும் எப்பவாவது மாறும், அதால விட்டது விட்டதுதான் எண்டு முடிவெடுத்தம். அண்டைக்கு முறை இழந்து நிண்டவனையே "சரியோ?" எண்டு கேட்டுப்போட்டுத்தான் எழும்பினம். அவன் ஓமெண்டான். ஆனா ஒண்டு கேட்டான், வலை கிழிஞ்சதால முறை போனவனுக்கும் இதே சட்டமோ எண்டு. அது நாங்கள் யோசிக்காத கேள்வி. இப்ப வலை கிழிஞ்சா முறையை மாத்திக் குடுக்கிறம்.

சோளகக் காலத்தில நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் இருந்து வந்து வாடி போடுற ஆக்களுக்கு என்ன முறை குடுக்கிறது எண்டு இன்னும் சண்டைதான். எங்கட ஆக்களுக்கு ஒரு நியாயம், வந்தவனுக்கு ஒரு நியாயம் எண்டு நானும் கதைச்சிருக்கிறன். மேல படிச்சவை எழுதினதை வாசிக்க அது சரியாப் படேல்லை. பாப்பம்.


தலைமாட்டுக்காரன், கிண்ணியா:

தங்கச்சி, வெள்ளமும் பொது எண்டு நீங்க எழுதினதை வாசிச்சன். அதை நம்மட குளத்துல ஒருத்தரும் சொன்னதில்ல.

நான் அந்தக் கூட்டத்துல இருந்திருந்தா எதுக்கு ஓம் சொல்லுவன் எண்டு கேட்டா, இதுக்குத்தான். மாரியில கட்டுக்குக் கீழ அழிஞ்சா திருத்துற வேலைக்கு எல்லாரும் வரணும், அதை இப்பவே எழுதணும். பெத்மக்கு விட்ட காணியை அறுவடைக்குப் பிறகு வரம்பு கட்டி, மட்டம் பாத்துத் தரணும், வாய்ச்சொல்லுல இல்ல, அமைப்பின்ட காசில இருந்து. துண்டுகளை மெசின் இறங்குற அகலத்துக்கு வெட்டணும். பழைய முறை தெரியாம வாங்கினவனுக்கு முதல் தடவைக்கு மட்டும் கொஞ்சம் கூடப் பங்கு விடணும். சட்டத்தரணி அக்கா, நீங்க குடுக்கணும் எண்டு சொன்ன "ஏதாவது" அதுதான். இவ்வளவும் இரிந்தா காசு குடுத்து வாங்கின நானும் ஓம் சொல்லுவன். சும்மா நீதி நீதி எண்டு மட்டும் சொன்னா ஓம் சொல்ல மாட்டன்.


வாய்க்கால்கரை:

நானா, நீங்கள் எழுதினதை எங்கட கூட்டத்தில எழும்பினவருக்குக் காட்டினன். உங்களைத் தெரியாது, ஆனா "இந்த மனிசனுக்கு விளங்கியிருக்கு" எண்டார். அவர் காணி வாங்கினது 2005ல. பெத்ம முந்தி நடந்தது அவருக்குத் தெரியாது. வட்டவிதானை ஐயாவை நேர போய்க் கண்டு கேட்டுக்கொண்டு வந்தார்.

பிரேரணையைத் திருப்பி எழுதியிருக்கிறன். 60 ஏக்கரையும் பெத்மவுக்கு விடுறது, துண்டை மெசின் இறங்கிற அளவுக்கு வெட்டிச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கிறது. வரம்பையும் மட்டத்தையும் அமைப்புச் செலவில திருத்திக் குடுக்கிறது. 1990க்குப் பிறகு வாங்கின தலைமாட்டுக்காரருக்கு இந்த ஒரு போகத்துக்கு மட்டும் ஏக்கருக்குக் கால் ஏக்கர் கூட விடுறது, அது எல்லாற்ற பங்கிலயும் இருந்து சமனாக் கழியும். மாரியில கட்டுக்குக் கீழ வாற அழிவைத் திருத்த 140 ஏக்கர்க்காரரும் ஆள் அனுப்புறது. இந்த நாலுக்கும் அவர் ஓமெண்டிட்டார். முழுச் சந்தோசம் எண்டு சொல்லேல்லை, மறுக்கக் காரணம் இல்லை எண்டார். எனக்கு அது காணும்.

அஞ்சாவது, காணியைக் குத்தகைக்குச் செய்து சிரமதானத்துக்கும் வந்த ஆளுக்குத்தான் பெத்மப் பங்கு, சொந்தக்காரருக்குக் குத்தகைக் காசு மட்டும். இதில ஒருத்தரும் ஒத்துக்கொள்ளேல்லை, கீழ்க் காணிக்காரரும் சேத்துத்தான். நான் விடப்போறதில்லை. கூட்டம் வாற புதன்கிழமை, கமநல சேவை நிலையத்தில. அந்த அக்காவைக் கட்டாயம் வரச்சொல்லியிருக்கிறன். கொழும்பில இருக்கிற ரெண்டு காணிக்காரருக்கும் காரணத்தை விளக்கித் தனியாக் கடிதம் போட்டிருக்கிறன். அவையும் வந்தோ எழுத்திலயோ மறுப்பைச் சொல்லட்டும். அதைக் கூட்டத்தில வாசிக்காமல் அஞ்சாவதுக்கு வாக்கெடுக்க விடமாட்டன்.